ஆறு சால் தண்ணீர்

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மின்சார மோட்டார் வைத்தது 1955ஆம் வருஷம் தை மாதத்தில். அதற்கு முன்பெல்லாம், எனக்கு நினைவு தெரிந்த நாள் முதலாக, விடியற்கருக்கலில் என்னைத் துயிலெழுப்பி வந்தது, எருது பூட்டிக் கிணற்றிலிருந்து கவலை இறைக்கும்போது பெரியப்பா பாடும் பாட்டுத்தான். எருதுகள் இரண்டும் வாரியில் இறங்க, வடத்தின்மேல் அமர்ந்தபடியே பெரியப்பாவும் அவற்றோடு இறங்க, கிணற்றின் அடியிலிருந்து நிறைந்த சால் மேலேறி வந்து தும்பியின் வழியே தொட்டியில் தண்ணீரைச் சொரியும் வரையில் பாட்டின் ஓர் அடி நீண்டு ஒலிக்கும். எருதுகள் பின்வாங்கி மேடேறும்போது பாட்டும் சற்றே மூச்சு வாங்கிக்கொள்ளும். அடுத்த சாலுக்கு அடுத்த எண்ணைச் சொல்லிக்கொண்டு மறுபடியும் தொடங்கும். அது பாட்டாகவும் இருந்தது. தண்ணீர்க் கணக்காகவும் இருந்தது. இத்தனை பாத்திக்கு இத்தனை சால் என்பதைக் கடிகாரத்தின் துணையோ ஏட்டின் துணையோ இல்லாமல், அந்தப் பாட்டின் எண்களிலேயே வைத்துப் பெரியப்பா காப்பாற்றி வந்தார்.

மோட்டார் வந்த மறுநாள் முதல் அந்தக் குரல் நின்றது. அது நின்றதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. கோயம்புத்தூரில் பீளமேட்டுப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் நான் அப்போது டர்னராக வேலை பார்த்து வந்தேன். 1930களில் பைகாரா மின்சாரம் எங்கள் சீமைக்கு வந்து சேர்ந்த பிறகு, பஞ்சாலைகள் பெருகியதோடு, கிணறுகளுக்கு வேண்டிய மோட்டாரும் பம்பும் எங்கள் ஊர்ப் பட்டறைகளிலேயே உருவாகத் தொடங்கின. எங்கள் கிணற்றில் இறங்கிய பம்பின் ஷாஃப்டை லேத்தில் கடைந்தவன் நானே. எருதுகளின் கழுத்துப் புண்ணும் பெரியப்பாவின் முழங்கால் வலியும் தீரப் போகின்றன என்று நான் அடைந்த சந்தோஷம் உண்மையானது. விடியற்காலையில் விழித்துக்கொண்டு, இனி வராத குரலுக்காகக் காத்துக் கிடந்த துக்கமும் அவ்வளவே உண்மையானது. அந்தக் குரலை எதிலாவது பதித்து வைத்துவிட வேண்டும் என்ற ஆசை அந்தக் காத்திருப்பில்தான் பிறந்தது.

ஆசைக்கு வழி காட்டியதும் லேத்தே. ஒரு வார்ப்புத் தட்டைச் சக்கில் பிடித்து அதன் முகத்தைக் கடையும்போது, தட்டு வேகமாகச் சுழல, டூல் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி மெல்ல நகர, உலோகத்தின்மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரே ஒரு சுருள்கோடு விழுந்துகொண்டே போகும். டூலை இறுக்கிப் பிடிக்காவிட்டால் அது அதிரும். அதிர்ந்தால் கீச்சென்ற சப்தம் எழும். அந்தச் சப்தத்துக்கு ஒத்த அலையலையான தழும்பு தட்டின்மேல் பதியும். ஒருநாள் நான் கடைந்து கொடுத்த தட்டின் முகத்தை நகத்தால் வருடிப் பார்த்த எங்கள் மேஸ்திரி, “தம்பி, டூலு கத்தினதை இரும்பு எழுதி வெச்சிருக்குது பாரு” என்றார். என்னைத் திருத்துவதற்காகச் சொன்ன அந்த வார்த்தை என் மனத்தில் வேறொரு கதவைத் திறந்துவிட்டது. எந்த அதிர்வை ஒழிப்பதற்காக டர்னர் தன் ஆயுள் முழுவதும் பாடுபடுகிறானோ, அந்த அதிர்வையே விரும்பி வரவழைத்து, அதை மனிதக் குரலின் அதிர்வாக ஆக்கிவிட முடியுமானால், லேத் பேசக் கற்றுக்கொள்ளும் அல்லவா? எமில் பெர்லினர் 1887ஆம் வருஷத்தில் கண்டறிந்த கிராமபோனின் தத்துவம் இதைத் தவிர வேறில்லை என்பதையும், இசைத்தட்டு வெட்டும் யந்திரத்தை ஆங்கிலத்தில் லேத் என்ற பெயராலேயே அழைக்கிறார்கள் என்பதையும், நகரத்து நூல்நிலையம் ஒன்றில் கிடைத்த பழைய ரேடியோப் பத்திரிகைகளிலிருந்து பின்னர் அறிந்துகொண்டேன்.

மேல்நாடுகளில் 1948ஆம் வருஷத்திலேயே, வினைல் என்ற புதிய பொருளால் ஆகி நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் நீண்ட நேரத் தட்டுகள் வந்துவிட்டன. அவற்றின் கோடுகள் மயிரிழையினும் மெல்லியவை. என் கைக்கு எட்டக்கூடியது அரக்குத் தட்டுகளின் பழைய முறைதான்: நிமிஷத்துக்கு 78 சுற்று, அங்குலத்துக்கு 96 கோடு. இந்த 96 என்ற எண்ணுக்கு நான் வந்து சேர்ந்த கணக்கை இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன். அரை அங்குல விட்வொர்த் திருகில் அங்குலத்துக்கு 12 மரை. அந்தத் திருகு ஒருமுறை சுழல்வதற்குள் தட்டு எட்டு முறை சுழலுமானால், ஊசி ஓர் அங்குலம் நகர்வதற்குள் தட்டு 96 சுற்றுச் சுற்றிவிடும். எட்டில் ஒரு பங்காகச் சுழற்சியைக் குறைப்பது எப்படி என்று தவித்துக்கொண்டிருந்தபோது, பழைய இரும்புக் கடையில், கையால் சுற்றித் துளைபோடும் டிரில் ஒன்று அகப்பட்டது. அதன் சிறு பல்சக்கரத்தில் 15 பல். பெரியதில் 60 பல். தச்சன் பெரியதைச் சுற்றிச் சிறியதை வேகப்படுத்துவான். நானோ சிறியதைத் தட்டின் அச்சில் மாட்டி, பெரியதை மெதுவாகச் சுழலவிட்டு, நாலில் ஒன்றாகக் குறைந்த அந்தச் சுழற்சியை இன்னொரு ஜோடிச் சக்கரத்தால் மேலும் பாதியாக்கித் திருகுக்குக் கொடுத்தேன்.

தட்டு சுழலும் மேடையைப் பவுண்டரியில் வார்த்து வாங்கினேன். 12 அங்குல விட்டமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள வார்ப்பிரும்பு அது. கடைந்து முடித்த பிறகும் ஏறக்குறைய 30 ராத்தல் நிறுத்தது. அவ்வளவு கனம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு, கனத்த சக்கரம் எளிதில் வேகம் பிடிக்காது, பிடித்த வேகத்தை எளிதில் விடவும் செய்யாது என்று சொன்னேன். கால் குதிரைச் சக்தி மோட்டார் நிமிஷத்துக்கு 1440 சுற்றுச் சுழல்வது. அதை 78க்கு இறக்குவதற்கு மோட்டாரின் புல்லி ஓர் அங்குலத்தில் மூன்றில் இரண்டு பங்கினும் சற்றே சிறியதாக இருக்க வேண்டும். கணக்கு அவ்வளவு தூரம்தான் கொண்டுவந்து விடும். மிச்சத்தைக் கண்தான் முடித்தாக வேண்டும். வட்டமான அட்டையில் 77 கறுப்புக் கோடுகளைச் சம இடைவெளியில் வரைந்து மேடையின்மேல் வைத்து, மின்சார விளக்கின் வெளிச்சத்தில் பார்த்தால், மின்சாரத்தின் துடிப்பினால் விளக்கும் துடிக்க, வேகம் சரியாக இருக்கும்போது அந்தக் கோடுகள் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். கோடுகள் நகர்ந்தால் புல்லியைக் கழற்றி, மயிரிழையளவு கடைந்து, திரும்ப மாட்டுவேன். நாலாவது இரவில், 30 ராத்தல் இரும்பு என் எதிரில் சுழன்றுகொண்டிருக்க, அதன்மேல் இருந்த 77 கோடுகளும் தவம் செய்வன போல அப்படியே நின்றன.

யந்திரம் முடிந்துவிட்டது என்று அன்று எண்ணினேன். உண்மையில் அன்றுதான் அது தொடங்கிற்று. குரல் எதையும் செலுத்தாமல் வெறும் பள்ளத்தை மாத்திரம் வெட்டி அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று பத்திரிகையில் படித்திருந்தேன்; அப்படி வெட்டி ஊசியை வைத்தபோது, ஏதும் பேசாத அந்தப் பள்ளத்திலிருந்து, தூரத்தில் லாரி மேடேறுவது போன்ற ஓர் உறுமலும், ஒழுங்கான இடைவெளியில் ஒரு ‘டக்’ என்ற ஓசையும் எழுந்தன. தட்டை வெயிலில் சாய்த்துப் பார்த்தபோது, கோடுகள் சீராகப் படியாமல், ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும், பட்டை பட்டையாக வெளிச்சத்தைச் சிதறடித்தன. நான் எழுதச் சொன்னது எதுவும் அதில் இல்லை. யந்திரம் தன்னைத்தானே எழுதிக்கொண்டிருந்தது. மேடையின் ஆட்டத்தையும், மோட்டாரின் நடுக்கத்தையும், மரையின் கோணலையும், ஒன்றையும் மறைக்காமல், ஒன்றையும் கூட்டாமல், அது எழுதி வைத்திருந்தது. பிறர் குரலை வாங்கிக்கொள்ளும் யோக்கியதை ஒரு கருவிக்கு வர வேண்டுமானால், அது முதலில் தன் குரலை அடக்கியாக வேண்டும் என்ற பாடத்தை அந்தத் தட்டு எனக்குக் கற்பித்தது. அதன் பிறகு கழிந்த பதினான்கு மாதங்களும், சப்தத்தைத் தேடிய மாதங்கள் அல்ல, நிசப்தத்தைத் தேடிய மாதங்கள்.

‘டக்’ என்ற ஓசை, மோட்டாரையும் மேடையையும் இணைத்த வாரின் ஒட்டிலிருந்து வந்தது. ஒட்டு புல்லியைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் மேடை ஒரு குலுக்கல் குலுங்கிற்று. பஞ்சாலையில் ஸ்பிண்டிலைச் சுழற்றும் மெல்லிய பருத்தி நாடாவை வாங்கி, அதன் முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல், சாய்வாக வெட்டித் தைத்தபோது அது ஒழிந்தது. உறுமல் மோட்டாரினுடையது, மோட்டாரைப் பலகையிலிருந்து பிரித்து, மணல் மூட்டையின்மேல் தனியே உட்கார வைத்தபோது முக்கால்வாசி அடங்கிற்று. பட்டை பட்டையாகத் தெரிந்த குறைதான் நெடுநாள் வருத்தியது. ஊசியை நகர்த்திய திருகு, டை போட்டு மரை எடுத்த தண்டு. டை சற்றே சாய்ந்து இறங்கினாலும் மரை ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் தடுமாறும். மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, பட்டறையிலேயே மிகப் பழையதும் மிகத் துல்லியமானதுமான லேத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒழித்துக் கொடுத்து, தாமே பக்கத்தில் நின்று, ஒரே டூலால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி அந்தத் திருகைப் புதிதாகச் செய்ய வைத்தார். பம்புகளின் ஷாஃப்டைக் கடைந்து பெரியப்பாவின் பாட்டை ஓயவைத்த அதே லேத் அது. அன்று மாலை தண்டைத் துடைத்து எண்ணெய் தடவியபோது, பட்ட கடனில் ஒரு பகுதியை அந்த யந்திரம் திருப்பிக் கொடுத்ததாகவே எனக்குத் தோன்றியது.

வெட்டும் தலையாகப் பழைய காந்தப் பிக்கப் ஒன்றைப் பயன்படுத்தினேன். தட்டின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது பிக்கப்பின் தொழில். அதே சுருளுக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் ஊசி அதிரும். ஊசியைத் தாங்கும் இரும்பு நாக்கை இருபுறமும் அணைத்திருந்த ரப்பர் இறுகிப் போயிருந்ததால், சைக்கிள் வால்வ் டியூபைத் துண்டாக்கி அவ்விடத்தில் வைத்தேன். மைக் செட் வாடகைக்கு விடும் நண்பர், 6வி6 வால்வு பொருத்திய சிறு ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் மைக்கையும் தந்து உதவினார். ஊசியை எண்ணெய்க்கல்லில் தீட்டி, கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் இடுக்கும் கண்ணாடியால் அதன் முனையைச் சோதித்துச் சோதித்து, பளபளப்பு வரும் வரையில் தேய்ப்பேன். பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு இடையே அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்குதான் இருந்தது. அதில் ஆறு பங்கு பள்ளத்துக்குப் போக, நாலு பங்கே வரப்பு. குரல் அளவுக்கு மிஞ்சி உயர்ந்தால் ஊசி வரப்பை உடைத்து அடுத்த பள்ளத்தில் பாயும். வாய்க்காலும் வரப்பும் அறிந்த குடும்பத்தில் பிறந்தவனாகையால் இந்த நியதி எனக்கு எளிதில் விளங்கிற்று.

பழகுவதற்கு, ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட எக்ஸ்ரே படங்களை வாங்கி வந்து வட்டமாக வெட்டிக்கொள்வேன். ஊசி அவற்றைச் சீவாமல் அழுத்தியே பள்ளமாக்கும். சப்தம் மங்கலாகவே பதியும். பதினைந்து இருபது தடவை கேட்பதற்குள் தேய்ந்துவிடும். யாருடையவோ விலா எலும்புகளின் நிழலின்மேல், திருச்சி வானொலியிலிருந்து வந்த நாகஸ்வரம் சுருண்டு சுருண்டு படிந்ததை விளக்கொளியில் பார்த்தபோது என் மேனி சிலிர்த்தது. யுத்தத்துக்குப் பிறகு லெனின்கிராடில் ருஸ்லான் போகோஸ்லோவ்ஸ்கி என்ற இளைஞர், ஜெர்மனியிலிருந்து வந்த டெலிஃபுங்கன் யந்திரம் ஒன்றைக் கண்டு, அதைப் போலத் தாமே ஒன்று செய்து, அரசாங்கம் தடுத்திருந்த பாட்டுகளை இதே போன்ற எக்ஸ்ரே படங்களில் வெட்டிக் கொடுத்து வந்தார் என்பதையும், அதற்காக 1950ஆம் வருஷத்தில் கைதாகிச் சிறை சென்றார் என்பதையும் வெகுகாலம் கழித்துப் படித்தேன். அவரை நான் அறியேன். அவரும் என்னை அறியார். ஆனால் ஊசியின் முனையைக் கல்லில் தீட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் படத்தின்மேல் இறக்கும் அந்த ஒரு கணத்தை நாங்கள் இருவரும் அறிவோம்.

பெரியப்பாவின் குரலுக்கென்று, அலுமினியத்தின்மேல் லாக்கர் பூசிய பத்து அங்குலத் தட்டுகள் இரண்டைச் சென்னையிலிருந்து வரவழைத்து வைத்திருந்தேன். லாக்கரில் ஊசி உண்மையாகவே வெட்டும். வெட்டிய இடத்திலிருந்து கரிய பட்டு நூல் போன்ற சீவல் அறுபடாமல் எழுந்துகொண்டே இருக்கும். ஒரு தீப்பொறி பட்டாலும் குபீரென்று பற்றிக்கொள்ளும் பொருள் அது. முதல் தட்டில் சோதனைக்காக வெட்டியபோது, விளிம்பிலிருந்து உள்நோக்கிப் போன ஊசியின் வழியிலேயே அந்தச் சீவல் குவிந்து, ஊசிக்கடியில் சிக்கி, தட்டின் ஒரு பக்கத்தை முழுவதும் பாழாக்கிவிட்டது. மறுநாள் பட்டறையில் நான் வாடிய முகத்தோடு நிற்பதைக் கண்டு காரணம் கேட்டறிந்த மேஸ்திரி, சிறிது யோசித்துவிட்டு, “குப்பை நடுவுல சேருதுன்னா, நீ நடுவுல இருந்து வெளிய வா, தம்பி, வெட்டி முடிச்ச எடத்துல குப்பை கெடந்தா என்ன?” என்றார். அமெரிக்க ஒலிப்பதிவுக்காரர்கள் பலர் அப்படியே செய்து வந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. தட்டு வெட்டுவதைக் கண்ணால் பார்த்திராத எங்கள் மேஸ்திரிக்கோ அது இரும்பும் பிசிரும் கற்பித்த ஞானம். பெரிய பல்சக்கரத்தைச் சிறியதன் மறுபுறத்துக்கு மாற்றினேன். திருகு எதிர்த்திசையில் சுழன்றது. ஊசி மையத்தில் பிறந்து, கிணற்றில் எறிந்த கல்லைச் சுற்றி எழும் அலையைப் போல, வெளிநோக்கி விரிந்து செல்லலாயிற்று.

1957ஆம் வருஷம் மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் யந்திரத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். மோட்டார் அறையின் சிமெண்டுத் தரையில், மணல் மூட்டைகளின்மேல் அதை வைத்து, பலகையிலிருந்து மின்சாரம் எடுத்து, மைக்கைப் பெரியப்பாவின் எதிரில் நிறுத்தினேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நெடுநேரம் அதைப் பார்த்தபடி நின்றார். வாயைத் திறந்தார், ஓர் எண்ணைச் சொன்னார், அதற்குமேல் வரவில்லை.

“பாடுங்க, பெரியப்பா.”

“மாடு இல்லாம, சாலு இல்லாம, அது எப்படிக் கண்ணு வரும்? வெறும் வாயில அது வராதப்பா.”

அவர் சொன்னது முற்றிலும் சத்தியம் என்பது அந்தக் கணமே எனக்கு உறைத்தது. அந்தப் பாட்டின் தாளம் எருதுகளின் நடையிலும், அதன் மூச்சு வடத்தின் இழுப்பிலும், அதன் முடிவு தண்ணீர் விழும் ஓசையிலும் இருந்தன. அவருடைய தொண்டையில் இருந்தது அதில் ஒரு பங்கு மாத்திரமே. இரண்டு வருஷமாகப் பரண்மேல் கிடந்த சாலைப் பெரியம்மா இறக்கிக் கொடுத்தார்கள். காய்ந்து விறைத்திருந்த தோலை இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, எண்ணெய் பூசி, கிழிந்த இடத்தைத் தைத்து, வடத்தையும் வால்கயிற்றையும் முறுக்கேற்றி, மூன்றாம் நாள் விடியற்காலையில் எருதுகளைப் பூட்டினார் பெரியப்பா. அதில் ஒன்று புதிது, மற்றது பழையது. பழைய எருது வாரியைக் கண்டதும் ஏவுவாரின்றித் தானே இறங்கிற்று.

கிணற்று மோட்டாரை நிறுத்தினோம். தொட்டிக்கு மேலே மைக்கைக் கட்டித் தொங்கவிட்டோம். மேடை வேகம் பிடித்து 77 கோடுகளும் அசையாமல் நின்ற பிறகு, மாசில்லாத அந்தக் கடைசித் தட்டின் மையத்தின் பக்கத்தில் ஊசியை இறக்கினேன். எட்டுச் சுற்று நிசப்தமாகப் போயிற்று. பிறகு உருளை முனகியது. எருதின் கழுத்து மணி அசைந்தது. பெரியப்பாவின் குரல் எழுந்தது. மோட்டார் அறையின் இருட்டில், ஒரு கையில் மெல்லிய தூரிகையால் சீவலை மையத்துக்கு ஒதுக்கியபடி, குரல் ஏறும்போதெல்லாம் மற்றொரு கையால் ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் தணித்தபடி, நான் நின்றேன். இரண்டே முக்கால் அங்குலத்தில் 264 கோடு. 264 கோட்டுக்கு மூன்று நிமிஷம் இருபத்து மூன்று விநாடி. அதற்குள் ஆறு சால் வந்து சொரிந்தது. ஆறாவது சாலின் தண்ணீர் தொட்டியில் விழுந்து அடங்கும்போது ஊசி விளிம்பை எட்டிவிட்டது, தூக்கினேன். பெரியப்பா நிறுத்தவில்லை. தென்னம்பாத்தி நிறைய வேண்டிய கணக்கு முடியும் வரையில், பொழுது நன்றாகப் புலர்ந்த பிறகும், அவர் பாடி இறைத்துக்கொண்டே இருந்தார். நான் யந்திரத்தை விட்டுவிட்டு வெளியே வந்து, வரப்பில் உட்கார்ந்து மிச்சத்தைக் கேட்டேன்.

கிராமபோன் பெட்டியின் கனத்த தலை லாக்கரை உழுதுவிடும் என்பதால், கனமில்லாத பிக்கப் ஒன்றைக் கொண்டு அன்று மாலை அதைப் போட்டுக் காட்டினேன். திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்ட பெரியப்பா, முடிந்ததும், “ஆறு சாலுதானா கண்ணு? ஒரு பாத்திகூட நனையாதே” என்றார். அதில் குறை கூறும் தொனி இல்லை. தண்ணீரின் அளவை அறிந்தவர் அளவைச் சொன்னார். நாலு வருஷத்துக்குப் பின் அவர் காலமானார்.

லாக்கர் நிலைத்த பொருள் அன்று. காலம் செல்லச் செல்ல அதிலுள்ள எண்ணெய்ப் பசை வெளியேறி வெள்ளையாகப் பூக்கும். பூச்சு சுருங்கி, அலுமினியத்தை விட்டு வெடித்துப் பிரியும். என் தட்டின் விளிம்பிலும் இப்போது வெடிப்புத் தோன்றிவிட்டது. ஆதலால் அதைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, முன்னரே டேப்பில் எடுத்து வைத்த பிரதியைத்தான் கேட்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று அவசரப்படுவார்கள். நான் அந்த எட்டுச் சுற்று நிசப்தத்திலிருந்தே கேட்பேன். என் கையால் ஆனது அது ஒன்றுதான். அதற்குப் பின்வருவதெல்லாம் அவருடையது.

பெரியம்மா இருந்த வரையில், தட்டைப் போடும்போதெல்லாம் திண்ணையின் ஓரத்தில் வந்து உட்காருவார்கள். ஆறாவது சாலின் தண்ணீர் விழுந்து ஓய்ந்து, ஊசியை நான் தூக்கிய பிறகு, எருதுகள் பின்வாங்கி மேடேறுவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஏழு” என்பார்கள்.